பொப்பிப் பூவும் பூவரசம் பூவும்: திருகோணமலையில் நினைவு நாள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் மாரி தொடங்கினால் எனக்கு இரண்டு விதமான அழைப்புகள் வரும். ஒன்று, "கூரை ஒழுகுதோ?" என்று கேட்கிற அக்காவுடையது. மற்றது லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற மருமக்களுடையது. "மாமா, இங்க பள்ளிக்கூடத்தில எல்லாரும் சிவப்புப் பூக் குத்திக்கொண்டு நிக்கினம். எங்கட ஊரிலயும் அப்பிடி ஏதும் இருக்கோ?"

இருக்கிறது. நான் குடியிருப்பது உப்புவெளியில். போர்க் கல்லறைத் தோட்டம் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். பல வருடமாகத் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால், அடுத்த வருடம் வாய் வலி மிச்சம்.

நவம்பர் 11-இல் அப்படி என்ன விசேஷம்?

முதலாம் உலகப் போரில் மேற்குப் போர்முனையில் சண்டை ஓய்ந்தது 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்கு. அடுத்த வருடம் அதே நேரத்தில் பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ், பேரரசு முழுவதும் இரண்டு நிமிடம் எல்லா வேலையையும் நிறுத்தி மௌனமாக இருக்கும்படி கேட்டார். அந்த வழக்கம் பொதுநலவாய நாடுகளில் இன்றைக்கும் நிற்கிறது. அமெரிக்காவில் 1954-இல் அந்த நாளின் பெயரை மாற்றி, உயிரோடிருக்கிற முன்னாள் படையினருக்கும் உரிய நாளாக்கினார்கள். போரில் மடிந்தவர்களுக்கு அங்கே மே மாதக் கடைசித் திங்கள் தனியாக இருக்கிறது. அவுஸ்திரேலியருக்கும் நியூசிலாந்தவருக்கும் ஏப்ரல் 25 இன்னும் பெரிய நாள். இந்தியாவில் டிசம்பர் 7 கொடி நாள், உண்டியல் குலுக்கிக் காசு சேர்ப்பார்கள்.

ஏன் பொப்பிப் பூ?

பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் குண்டு விழுந்து புரண்ட மண்ணில் முதலில் முளைத்தது இந்தச் சிவப்புக் காட்டுப் பூதான். கனடாவின் படை மருத்துவர் ஒருவர் 1915-இல் அதை வைத்து ஒரு கவிதை எழுதினார், அது பரவியது. 1921-இல் பிரித்தானியாவில் துணிப் பூச் செய்து விற்கத் தொடங்கினார்கள். இறைச்சிக் கறிக்கு அரைக்கிற கசகசா இதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. ஆனால் நம் ஃபலூடாவில் கசகசா என்று சொல்லி மிதக்க விடுகிறார்களே, அது திருநீற்றுப்பச்சை விதை. அதற்கும் இதற்கும் ஒரு சொந்தமும் இல்லை.

இலங்கையில் பொப்பி விற்றார்களா?

விற்றார்கள். அதில் ஒரு சண்டையும் வந்தது. சேர்ந்த காசில் பெரும்பங்கு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. அதே போரில் அடிபட்டு வந்த இலங்கையருக்குக் கிடைத்தது சொற்பம். சரி, அப்படியானால் நாங்கள் எங்கள் பூவை விற்கிறோம் என்று 1930-களின் தொடக்கத்தில் ஒரு கூட்டம் கிளம்பியது. அதற்குப் பெயர் சூரிய மல் இயக்கம். முதலில் ஏலியன் பெரேரா என்பவர் முன்னாள் படையினருக்காகத் தொடங்கினார். பிறகு டொரீன் யங் போன்ற இடதுசாரிகள் கையில் எடுத்து ஏகாதிபத்திய எதிர்ப்பாகவே மாற்றிவிட்டார்கள். 1934-இல் மலேரியா நாட்டை வாட்டியபோது ஊர் ஊராகப் போய் நிவாரண வேலை செய்ததும் அதே ஆட்கள்தான்.

சிங்களத்தில் சூரிய மல் என்றால் ஏதோ சூரியகாந்தி என்று நம் ஆட்கள் நினைப்பார்கள். இல்லை. அது நம் பூவரசம் பூ. வேலியோரம் நிற்குமே, காலையில் மஞ்சளாக விரிந்து பின்னேரம் சிவந்து சுருண்டு விழுகிற அதே பூ. இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை திருமலையில் இருந்திருக்க முடியாது.

இப்போதும் நவம்பரில் பொப்பி தினம் அனுசரிக்கப்படுகிறது. முன்னாள் படையினர் சங்கம் முதல் பூவை ஜனாதிபதிக்குக் குத்திவிடும். நாட்டின் பிரதான நிகழ்வு கொழும்பில், விகாரமகாதேவி பூங்காவில் இருக்கிற நினைவுத்தூணடியில் நடக்கும்.

திருகோணமலைக்கும் உலகப் போருக்கும் என்ன சம்பந்தம்?

துறைமுகம். வேறென்ன? 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்த பிறகு, இந்து சமுத்திரத்தில் ஆங்கிலேயரின் கப்பல்கள் ஒதுங்க இருந்த முக்கியமான இடங்களில் இது ஒன்று. ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிகள் ஏப்ரல் 5-ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பைத் தாக்கின. முதல் நாளே அந்தக் கப்பல் கூட்டத்தைக் கண்டு செய்தி அனுப்பியவர் கட்டலினா விமானத்தில் போன லெனார்ட் பேர்ச்சால் என்ற கனடாக்காரர். செய்தி அனுப்பி முடிப்பதற்குள் அவருடைய விமானத்தைச் சுட்டு விழுத்திவிட்டார்கள். போர் முடியும்வரை ஜப்பானில் கைதியாக இருந்தார்.

ஏப்ரல் 9 காலை எங்கள் முறை. சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரு கிழமை கூட இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வந்தன. டொக்யாட், சீனன்குடா விமானத் தளம், எண்ணெய்க் குதங்கள் எல்லாவற்றிலும் குண்டு. ஒரு ஜப்பானிய விமானம் ஒரு குதத்தின் மேலேயே விழுந்து, அது நாள்கணக்கில் எரிந்தது. உருகி மடிந்த அந்த இரும்பு இன்னமும் சீனன்குடாவில் கிடக்கிறது. துறைமுகத்துக்குள் 'சகைங்' என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. பின்னர் அதை அங்கேயே அமிழ்த்தி இறங்குதுறையாகப் பாவித்தார்கள். 2018-இல் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் அதை மேலே கொண்டுவந்தார்கள்.

என் அப்பப்பா அப்போது டொக்யாட்டில் கூலி. சைரன் ஊதியதும் கையிலிருந்த சாப்பாட்டுப் பார்சலோடு உவர்மலைப் பக்கம் ஓடினாராம். ஒரு கிழமை கழித்து வீடு திரும்பியபோது, கொடியில் காயப்போட்டிருந்த வேட்டியில் எண்ணெய்ப் புகைக் கரி புள்ளி புள்ளியாக இருந்ததாம். எத்தனை தரம் கேட்டாலும் இந்த வேட்டிக் கதையைத்தான் சொல்வார். யார் யார் செத்தது என்று கேட்டால், "எனக்குப் பக்கத்தில நிண்டவன்" என்பார். பெயர் சொன்னதில்லை. மறந்துவிட்டாரா, சொல்ல மனமில்லையா, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

'ஹெர்மிஸ்' கப்பலில் இறந்தவர்களும் இந்தக் கல்லறைத் தோட்டத்தில்தானா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து, முதல் நாள் இரவே கப்பல்களைத் துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்பினார்கள். 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கி, ஆனால் அன்றைக்கு அதில் ஒரு விமானமும் இல்லை. கரையை ஒட்டித் தெற்கே போய்விட்டுத் திரும்பும்போது மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களிடம் பிடிபட்டது. சில நிமிடங்களில் தாண்டுபோனது. 307 பேர் இறந்தார்கள். துணைக்குப் போன அவுஸ்திரேலியாவின் 'வம்பயர்', கொஞ்சம் தள்ளிப் போன 'ஹொலிஹொக்' என்ற சிறு போர்க்கப்பல், இரண்டு எண்ணெய்க் கப்பல்கள், எல்லாம் அதே நாளில் கடலடியில். பக்கத்தில் வந்த 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் அறுநூறு பேரளவில் காப்பாற்றியது.

கப்பலோடு போனவர்களுக்கு மண்ணில் இடமில்லை. அவர்களின் பெயர்கள் இங்கிலாந்தின் துறைமுக நகரங்களில் இருக்கிற கடற்படை நினைவுத்தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. உடல் கிடைக்காவிட்டாலும் பெயர் எங்காவது ஓரிடத்தில் இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, உப்புவெளியில் யார் இருக்கிறார்கள்?

நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே ஆறு கிலோமீற்றர் அளவு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தப் பகுதியில் இறந்த கடற்படையினர், விமானப் படையினர், தரைப்படையினர் என்று முந்நூறு சொச்சம் பேர். எல்லாரும் ஏப்ரல் 9-இல் செத்தவர்கள் அல்ல. காய்ச்சல், விபத்து, விமானம் விழுந்தது, பர்மாப் பக்கம் போய்க் காயத்தோடு வந்தது, எல்லாம் உண்டு. பிரித்தானியரே அதிகம். இந்தியர், கனேடியர், அவுஸ்திரேலியர், ஒல்லாந்தர், இலங்கையர் என்றும் காண்பீர்கள்.

கல்லைக் குனிந்து வாசியுங்கள். படைப்பிரிவின் சின்னம், பதவி, பெயர், திகதி, வயது. வயதுதான் ஆளை நிறுத்தும். பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு. அடியில் வீட்டார் சொல்லி வெட்டிய ஒரு வரி இருக்கும். அறுபது சொச்சம் எழுத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்களாம். பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஒரு தாய்க்கு அறுபது எழுத்து! சிலர் வேத வசனம் போட்டிருக்கிறார்கள். சிலர் வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயரைப் போட்டிருக்கிறார்கள். எதுவும் வெட்டாத கல்லும் உண்டு.

தளபதிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்று பேதம் கிடையாது. இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கிற பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவை 1917-இல் தொடங்கிய காலத்திலிருந்தே அதுதான் விதி. உடலை ஊருக்குக் கொண்டுபோகவும் விடவில்லை. வசதியுள்ளவன் பிள்ளை மட்டும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். அந்தக் காலத்தில் தாய்மார் பலர் இதை எதிர்த்து எழுதினார்கள்.

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் சகோதரன் கல்லறையும் அங்கேதானா?

இல்லை. அது நகருக்குள் இருக்கிற பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம். கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852-இல் பர்மாவில் கொலராவில் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டவர். இரண்டையும் குழப்பி ஓட்டோக்காரரிடம் சொன்னால் அவர் உங்களை எங்கேயாவது கொண்டுபோய் விடுவார்.

எங்களை ஆண்ட வெள்ளைக்காரனுடைய சிப்பாய்க்கு நான் ஏன் பூ வைக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. வைக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பேரரசுக்காகச் சண்டை போட மாட்டோம் என்று அந்தக் காலத்திலேயே சொன்ன இலங்கையரும் இருந்தார்கள். 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். மூவரைத் தூக்கில் போட்டார்கள். அந்தப் போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கு மேடை ஏறிய பொதுநலவாயப் படையினர் அவர்கள் மூவர் மட்டுமே. அவர்களையும் நவம்பர் 11-இல் நினைத்துக்கொள்கிற ஆள் நான்.

ஆனால் கல்லுக்கு முன்னால் நின்றால் பேரரசு ஞாபகத்துக்கு வருவதில்லை. ஸ்கொட்லாந்தில் ஏதோ ஒரு ஊரில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன், பத்தொன்பது வயதில் எங்கள் வெயிலில் வந்து செத்திருக்கிறான். அவன் வீட்டார் ஒருவரும் இந்த மண்ணை மிதித்திருக்க மாட்டார்கள். பூ வைப்பது அவ்வளவுக்குத்தான்.

தமிழருக்கு இப்படி வழக்கம் உண்டா, இல்லை வெள்ளைக்காரனிடம் பழகியதா?

இரண்டு நிமிட மௌனம் அவர்களுடையது. இறந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் பெயர் பொறிப்பது நம்முடையது. தொல்காப்பியம் அதற்கு முறையே வகுத்து வைத்திருக்கிறது: கல்லைத் தேடிக் காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமியில் எழுத்து இருக்கிறது. மாடு கவர்கிற சண்டையில் செத்தவனுக்கும் கல் உண்டு. மயிற்பீலி சூட்டி, கள் வார்த்துக் கும்பிட்டார்கள். மன்னனுக்காகச் செத்தானா, ஊர் மாட்டுக்காகச் செத்தானா என்று கல்லுக்குக் கவலையில்லை, ஆள் இன்னார் என்று எழுதியிருந்தால் போதும்.

இந்திய அமைதிப்படையினருக்கு இங்கே நினைவிடம் உண்டா?

1987-இல் வந்தவர்களில் கடைசித் தொகுதி கப்பலேறியது திருகோணமலையிலிருந்துதான், 1990 மார்ச் 24. ஏறத்தாழ 1,200 பேர் திரும்பிப் போகவில்லை. அவர்களின் பெயர் பொறித்த நினைவிடம் ஸ்ரீ ஜெயவர்த்தனபுரக் கோட்டையில் இருக்கிறது. செத்தவர்களில் தமிழ் பேசுகிற பையன்களும் இருந்தார்கள். அந்த நாட்களில் எங்கள் சனம் அவர்கள் கையில் பட்டதும் கொஞ்சமல்ல. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை.

அப்போ மாவீரர் நாள்? மே 18? மே 19? எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. எல்லாரும் கடைசியில் கேட்கிற கேள்வி இது, குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் கேட்பார்கள்.

நவம்பர் 27, விடுதலைப் புலிகள் தங்கள் முதல் போராளி 1982-இல் இறந்த நாளை வைத்து 1989 முதல் அனுசரித்த நாள். மே 18, முள்ளிவாய்க்காலில் 2009-இல் முடிந்த போரில் இறந்த பொதுமக்களை நினைக்கிற நாள். மே 19, அரசு தன் படையினரை நினைக்கிற நாள். 1918-க்கான நவம்பர் 11 இவை எதனோடும் சேராது. ஆனால் திருமலையில் ஒரே தெருவில், பக்கத்துப் பக்கத்து வீட்டில், இந்த நான்கில் வெவ்வேறு நாளுக்கு விளக்கேற்றுகிற ஆட்கள் இருப்பார்கள்.

சம்பூர்ப் பக்கம் ஆலங்குளத்தில் மாவீரர் துயிலும் இல்லம் இருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் இருந்த துயிலும் இல்லங்கள் படையினர் கைக்கு வந்த பிறகு இடிக்கப்பட்டன. கல்லும் போனது, கல்லில் இருந்த பெயரும் போனது. இயக்கத்துக்கு விரும்பிப் போன பிள்ளையும் உண்டு, பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளையும் உண்டு. தாய்க்கு இரண்டும் பிள்ளைதான். இயக்கத்தால் பிள்ளையைப் பறிகொடுத்த சிங்களத் தாயும் முஸ்லிம் தாயும் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். யாருடைய துக்கம் பெரியது என்று தராசில் வைக்கிற வேலைக்கு நான் வரமாட்டேன். எனக்குக் கேட்கத் தோன்றுவது வேறு. 1942-இல் செத்த அந்நியனுடைய பெயரை எண்பது வருடமாகப் புல் வெட்டிப் பாதுகாக்கத் தெரிந்த நாட்டில், எங்களூர்த் தாய் ஒருத்தி தன் பிள்ளையின் பெயரை மண்ணில் எழுதி அதன்மேல் கர்ப்பூரம் ஏற்றிவிட்டு, விடிவதற்குள் காலால் அழித்துவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் அப்படி?

அன்றைக்கு விளக்கேற்றினால் பொலிஸ் வருமா?

வந்த வருடமும் உண்டு, வராத வருடமும் உண்டு. புலிகள் அமைப்பு இலங்கையில் தடைசெய்யப்பட்டது. அதன் கொடி, சின்னம், சீருடை, தலைவர் படம் இருந்தால் கைது நடக்கலாம். நிகழ்வுகளுக்கு நீதிமன்றத் தடையுத்தரவு வாங்கிய வருடங்களும் உண்டு. 2024 மே மாதம் சம்பூரில், போரின் கடைசி நாட்களை நினைத்துக் காய்ச்சுகிற முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் கொடுத்ததற்கே பெண்களைக் கைது செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒன்றை யோசியுங்கள்: படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். படத்தில் இருக்கிற அம்மா இங்கேதான் இருப்பார்.

நினைவு நாள் இறந்தவர்களுக்கு மட்டுமா?

இறந்தவர்களுக்குப் பூ வைப்பது சுலபம், அவர்கள் திருப்பி ஒன்றும் கேட்பதில்லை. கண்ணிவெடியில் கால் போன ஓய்வுபெற்ற ஆமிக்காரர் ஒருவர் எங்கள் சந்தியில் லொத்தர் விற்கிறார். புனர்வாழ்வு முடித்து வந்த முன்னாள் போராளி ஒருவர் நாலு கடை தள்ளிச் சைக்கிள் திருத்துகிறார், அவருக்கு ஒரு கை சரியாக வராது. ஒருவருக்கு ஓய்வூதியம் உண்டு, மற்றவருக்கு இல்லை. லொத்தர்க்காரரின் மூன்று சில்லு வண்டிக்குக் காற்றுப் போனால் இவரிடம்தான் தள்ளிக்கொண்டு வருவார். இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைப்பார்கள். ஒட்டுப்போட்ட காசை இவர் வாங்கியதை நான் பார்த்ததில்லை, ஒரு லொத்தர்ச் சீட்டுத்தான் கை மாறும்.

கல்லறைத் தோட்டத்துக்கு எப்போது, எப்படிப் போவது?

நவம்பரில் வாடைக் காற்றும் மழையும். குடை வேண்டும், புல் சதுப்பாக இருக்கும். ஏப்ரலில் வெயில் மண்டையைப் பிளக்கும், ஒன்பது மணிக்கு முன்னர் போய்விடுங்கள். நிலாவெளி பஸ்ஸில் ஏறி, "வெள்ளைக்காரன் சுடலை" என்று சொன்னால் வயதான நடத்துநருக்கு விளங்கும். கடலுக்குக் குளிக்கப் போகிற உடுப்போடு நேரே உள்ளே போக வேண்டாம்.

பூ எதுவென்றாலும் சரி. நான் வேலிப் பூவரசில் இரண்டு பறித்துக்கொண்டு போவேன். கற்பூரத்தைக் கல்லின் மேல் கொளுத்தாதீர்கள், கறை போகாது. கல்லில் உட்காராதீர்கள். பிள்ளைகள் ஓடி விளையாடினால் பராமரிக்கிற ஆட்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன், அங்கே படுத்திருப்பவர்களில் பாதிப்பேர் விளையாடுகிற வயதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

வருகைப் பதிவேட்டில் என்ன எழுதுவது?

திகதி, பெயர், ஊர். குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் இருக்கும், விரும்பினால் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். போன நவம்பரில் நான் போனபோது எனக்கு முன்னால் யாரோ ஒரு பிள்ளை தன் பெயரை எழுதி, ஊர் என்ற இடத்தில் "பக்கத்து வீடு" என்று போட்டிருந்தது.